மாவு, தண்ணீர், ஒரு பிரிண்டர்: 3டி பிரிண்டிங்கின் பொடிக் கதை

3டி பிரிண்டர்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? காலேஜ் லேபிலோ யூடியூப்பிலோ பார்த்த அந்தப் பெட்டி. பிளாஸ்டிக் கம்பி உருகி, முறுக்கு பிழியற மாதிரி நாசில் வழியா இறங்கி, அடுக்கடுக்காகச் சுத்தும். அதைத்தான் நாம இன்னைக்கு 3டி பிரிண்டிங்னு சொல்றோம். ஆனா அந்தப் பெயர் முதல்ல அதுக்கு வைத்த பெயரே இல்லை. பொடிக்கு வைத்த பெயர்.

1989 டிசம்பர். எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லைங்க, அமெரிக்காவில் இருக்கும் எம்.ஐ.டி.) இமானுவேல் சாக்ஸ், ஜான் ஹேகர்ட்டி, மைக்கேல் சீமா, பால் வில்லியம்ஸ் என்ற நாலு பேர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதன் தலைப்பிலேயே 'முப்பரிமாண அச்சு' என்ற சொல் இருந்தது. 1993 ஏப்ரலில் காப்புரிமை கிடைத்தது.

பொடியை வைத்து பொருள் செய்வது அதற்கு முன்னாடியே உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கார்ல் டெக்கார்ட் என்ற மாணவர், பேராசிரியர் ஜோ பீமனோடு சேர்ந்து, பொடியை லேசரால் சூடாக்கி ஒட்டவைக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தார். எம்.ஐ.டி. குழு கேட்ட கேள்வி வேற: லேசரே இல்லாமல், ஆபீஸ் இங்க்ஜெட் பிரிண்டர் மை தெளிக்கிற மாதிரி பசையைத் தெளித்தால் என்ன?

மெஷின் இப்படித்தான் வேலை செய்யும். ஒரு தட்டில் மெல்லிசாகப் பொடியைப் பரப்பணும். ஒரு அடுக்கு சுமார் 0.1 மில்லிமீட்டர். எங்கெல்லாம் பொருள் வரணுமோ அங்கெல்லாம் ஹெட் திரவத்தைத் தெளிக்கும். தட்டு ஒரு அடுக்கு அளவு கீழே இறங்கும். மறுபடி பொடி, மறுபடி திரவம். எல்லாம் முடிந்ததும் பார்த்தால் ஒரு பெட்டி நிறைய மாவு, அவ்வளவுதான் தெரியும். பொருள் அதுக்குள்ள புதைஞ்சிருக்கும். பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்து எடுக்கணும். ஒட்டாத பொடி சுற்றிலும் நின்று தாங்கிக்கொள்வதால், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்குக் கூட தனியா முட்டுக் கொடுக்க வேண்டாம். கம்பி உருக்கும் மெஷினில் இந்த வசதி கிடையாது.

சரி, எவ்வளவு திரவம்? இதுதான் மொத்த விஷயமும். புட்டு செய்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தண்ணீர் குறைஞ்சா மாவு பிடிக்காது. கூடினா கட்டி தட்டிடும். இங்கேயும் அதேதான். குறைந்தால் பொருள் கையில் எடுத்ததுமே உதிரும். கூடினால் ஈரம் பக்கத்துப் பொடிக்கும் பரவி, கூர்மையான விளிம்பெல்லாம் மழுங்கிப் போகும்.

எம்.ஐ.டி. குழுவின் ஆரம்ப ஆசை உலோக வார்ப்புக்கான செராமிக் அச்சுகள். ஆனால் இந்த முறையை டிசைனர்களின் மேசைக்குக் கொண்டுபோனது 1994-ல் தொடங்கிய ஸீ கார்ப்பரேஷன். அவர்கள் 1997-ல் விற்ற முதல் மெஷினில் போட்ட பொடி என்ன தெரியுமா? ஸ்டார்ச்சும் செல்லுலோஸும். கிட்டத்தட்ட மாவேதான்! தண்ணீர் கலந்த பசை பட்டதும் பிடித்துக்கொள்ளும். பலம் போதாதென்று பிறகு மெழுகிலோ சூப்பர் க்ளூவிலோ ஊறவைப்பார்கள்.

அடுத்து பிளாஸ்டர் வந்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. கை உடைந்தால் 'மாவுக்கட்டு' போடுறோமே, அதே சரக்குதான். ஜிப்சத்தைச் சூடாக்கினால் அதுக்குள்ள இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு வெளியே போகும். மிஞ்சுவது பிளாஸ்டர் பொடி. மறுபடி தண்ணீர் பட்டதும் விட்ட தண்ணீரை அது திரும்ப எடுத்துக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகமாகும். அந்த ஊசிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி இறுகும். அதாவது பசை பொடிக்குள்ளேயே இருக்கு, தண்ணீர் அதை எழுப்பிவிடுது. தெளிக்கும் திரவத்தில் நிறம் சேர்த்தால் பொருளே கலராக வரும்.

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். மெஷின் வாங்கிட்டீங்க. பொடி? அதுவும் கம்பெனியிடம்தான் வாங்கணும். பிரிண்டரை விட இங்க் கார்ட்ரிட்ஜ் வாங்கியே அழிந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். இதுவும் அதே வியாபாரம். 2009 வாக்கில் பொடியின் விலை பவுண்டுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான அளவுக்கு, 30 முதல் 50 டாலர் வரை இருந்தது. ஒரு வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் நாலு தடவை தப்பாகச் செய்து பார்க்கணும்னா இந்த விலையில் முடியுமா?

சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர் மார்க் கேன்டர் இதில்தான் வெறுத்துப் போனார். மாணவர்களோடு சேர்ந்து சொந்தமாகப் பொடி கலக்க ஆரம்பித்தார். செராமிக் கலைஞர்கள் பயன்படுத்தும் களிமண் பொடி, சர்க்கரை, அதோடு மால்டோடெக்ஸ்ட்ரின். கடைசியாகச் சொன்னது உடம்பு ஏத்துறவங்க வாங்கும் பவுடர்களில் இருக்கும் மாவுப்பொருள்தான். ஈரம் பட்டால் சர்க்கரை பிசுபிசுத்து களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூளையில் வைத்தால் சர்க்கரை எரிந்து போகும், களிமண் இறுகும். செலவு பவுண்டுக்கு 1 டாலருக்கும் கீழே.

அதைவிடப் பெரிசு, அடுத்து அவர் செய்தது. கலவைக் குறிப்பைப் பூட்டி வைக்கவில்லை. 2009-ல் செராமிக்ஸ் மன்த்லி என்ற பானைக் கலைஞர்களின் பத்திரிகையில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். அதே வருஷம் கண்ணாடிப் பொடியிலும் அந்தக் குழு வெற்றி பெற்றது. கண்ணாடி ஈரத்தை உறிஞ்சாது என்பதால் பழைய கலவை அப்படியே செல்லவில்லை. அளவுகளை மாற்ற வேண்டியிருந்தது.

கம்பெனி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. துகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து, சீராகப் பரவி, ஹெட்டை அடைக்காமல் இருக்கணும்னா நிறைய உழைக்கணும். ஆனா 30 மடங்கு விலைக்கு அது மட்டும் காரணம்னு நான் நம்பத் தயாரில்லை.

ஸீ கார்ப்பரேஷனை 2012 தொடக்கத்தில் 3டி சிஸ்டம்ஸ் வாங்கியது. பெயரும் கைமாறியது. 3டி பிரிண்டிங் என்பது எல்லா முறைகளுக்கும் பொதுப்பெயராகிவிட, அசல் பொடி முறைக்கு தரநிர்ணயக்காரர்கள் 'பைண்டர் ஜெட்டிங்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். இன்று அந்த முறை அதிகம் உழைப்பது வார்ப்பு ஆலைகளில். மணலில் ஃபியூரான் பிசினைத் தெளித்து, மர மாதிரியே இல்லாமல் அச்சு செய்கிறார்கள்.

ஆனா எனக்கு ஆச்சரியமான இடம் மருந்துக் கடை. 2015-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஸ்பிரிடம் என்ற வலிப்பு மாத்திரையை அனுமதித்தது. 3டி பிரிண்டிங்கில் செய்து அனுமதி பெற்ற முதல் மாத்திரை அது. எம்.ஐ.டி.யின் அதே பொடி-திரவ முறைதான். சாதாரண மாத்திரையை அழுத்திச் செய்வதால் அது கெட்டியாக இருக்கும். இதில் அழுத்தமே கிடையாது. உள்ளே முழுக்கத் துளைகள். பொம்மை செய்யும்போது உதிர்ந்துவிடுதேன்னு திட்டிய அதே குணம் இங்கே உதவுகிறது. 1000 மில்லிகிராம் மருந்து, ஒரு வாய் தண்ணீரில், சில நொடிகளில் கரைந்துவிடும். பெரிய மாத்திரையை விழுங்கத் திணறும் குழந்தைக்கும் தாத்தாவுக்கும் அதைக் கொடுக்கலாம்.