உலோகமற்ற கார்பன் நானோ வினையூக்கிகள் (கந்தக நீக்கம்)

உலோகமற்ற கார்பன் நானோ வினையூக்கிகள் என்பவை வாயுக்களில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடை, உலோகத்தின் துணையின்றி, தனிமக் கந்தகமாக மாற்றி நீக்கப் பயன்படும் கார்பன் பொருட்கள் ஆகும். நைட்ரஜன் சேர்க்கப்பட்ட கார்பன் நானோகுழாய்கள், நானோ இழைகள், கிராபீன் ஆகியன இவற்றுள் அடங்கும்.

தேவை

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு. மில்லியனில் ஏறத்தாழ 100 பங்குக்கு மேல் இது மோப்ப உணர்வையே முடக்கிவிடுவதால், நாற்றத்தைக் கொண்டு ஆபத்தை அறிய இயலாது. இயந்திரங்களையும் இது அரிக்கும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி முதலிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிர்வாயுவிலிருந்து மின்சாரம் பெறப்படுகிறது. இத்தகைய இடங்களில் கந்தக நீக்கம் இன்றியமையாதது. உயிர்வாயுவுக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 16087, 2016) கனமீட்டருக்கு 20 மில்லிகிராம் கந்தகத்தையே அனுமதிக்கிறது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1883 இல் தோன்றிய கிளாசு முறையைப் பயன்படுத்துகின்றன. இம்முறை செறிவு மிகுந்த வாயுவுக்கே ஏற்றது. அதிலும் வேதிச் சமநிலை காரணமாகச் சிறிதளவு கந்தகம் எஞ்சிவிடும். செறிவு குறைந்த வாயுவுக்கு நேரடி ஆக்சிசனேற்றம் பொருத்தமானது. இதில் ஹைட்ரஜன் சல்பைடு ஆக்சிசனுடன் வினைபுரிந்து கந்தகமும் நீரும் உண்டாகின்றன.

செயல்படும் விதம்

கார்பன் வலையில் சில கார்பன் அணுக்களுக்குப் பதிலாக நைட்ரஜன் அணுக்கள் அமையும்போது மின்னணுப் பரவல் மாறுகிறது. இதனால் அருகிலுள்ள கார்பன் அணுக்கள் ஆக்சிசனை எளிதில் ஈர்த்து வினைக்குத் தயாராக்குகின்றன. நைட்ரஜனின் காரத்தன்மை, ஹைட்ரஜன் சல்பைடு பிரிகையடைய உதவுகிறது. இரும்பு, வனேடியம் ஆக்சைடு வினையூக்கிகள் காலப்போக்கில் சல்பேட்டாக மாறிச் செயல் குன்றலாம். கார்பனில் இச்சிக்கல் இல்லை.

குறைபாடுகள்

சுமார் 180 பாகை செல்சியசுக்குக் கீழே கந்தகம் துளைகளிலேயே படிந்து அவற்றை அடைத்துவிடும். அப்போது மந்த வாயுவில் சூடேற்றிக் கந்தகத்தை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். வெப்பநிலையோ ஆக்சிசனோ மிகுந்தால் கந்தக டை ஆக்சைடு உண்டாகும். நானோகுழாய்களை வளர்க்க இரும்பு போன்ற உலோகங்கள் பயன்படுவதால், அவற்றின் எச்சம் நீங்கியதை உறுதி செய்யாமல் ஒரு பொருளை "உலோகமற்றது" எனக் கொள்ள இயலாது.

பயன்பாடு

இவற்றுள் பல இன்னும் ஆய்வுக்கூட நிலையில் உள்ளன. நடைமுறையில் இரும்பு ஆக்சைடு, கழுவு கோபுரங்கள், செறிவூட்டிய கரி ஆகியவையே பரவலாகப் பயன்படுகின்றன. தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் செயலூட்டிய கரியும் நுண்துளைக் கார்பனே. இத்தகைய மலிவான கரியில் நைட்ரஜனைச் சேர்த்து நானோகுழாய்களுக்கு நிகரான பயனைப் பெறும் முயற்சி, இத்துறையின் முக்கிய ஆய்வுகளுள் ஒன்று.