கொழும்பின் தண்டவாளங்களும் நமது வரிப்பணமும்

பொரளைக்கும் கோட்டைக்கும் இடையில் தண்டவாளம் போடும் கதை 2018இல் ஆரம்பித்ததல்ல. அதே பொரளையிலிருந்து மருதானை வழியாகக் கோட்டைக்கு நமது பாட்டன்மார் ட்ராமில் போய் வந்தார்கள். அந்தத் தண்டவாளம் என்னவானது, அதன் பிறகு வந்த திட்டங்கள் என்னவாயின, ஒவ்வொரு முறையும் பணம் கட்டியது யார் என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமானது. பொறுமையாக வாசியுங்கள்.

1899இல் கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. நடத்தியது பூஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயக் கம்பனி. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை, பொரளைக்கு மற்றொரு பாதை. இலாபமும் நட்டமும் கம்பனியுடையது. மக்கள் டிக்கட் காசை மட்டும் கொடுத்தார்கள்.

1944இல் கொழும்பு மாநகர சபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. அன்று முதல் கணக்கு மாறியது. ட்ராமில் ஏறாதவரும் சபைக்கு வரி கட்டினால் அந்தச் சேவையின் பங்காளிதான். நட்டம் வந்தால் அது அவருடைய நட்டமும்கூட.

வீதிகளில் பஸ் பெருகியது. ட்ராமுக்குப் பதிலாக மாநகர சபை 1953இல் ட்ரொலி பஸ்களைக் கொண்டு வந்தது. தண்டவாளம் வேண்டாம், மேலே மின்கம்பி போதும் என்ற ஏற்பாடு. 1960 ஜூன் மாத முடிவோடு ட்ராம் நின்றது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வண்டிகளை இறக்குமதி செய்த ஒரு சேவை பதினொரு வருடங்கள்தான் ஓடியது. ஒரு நகரப் போக்குவரத்துப் பாதை பல தசாப்தங்கள் ஓடினால்தான் அதில் போட்ட பணம் மக்களுக்குத் திரும்பி வரும். இடையில் கைவிட்டால் போட்டது போட்டதுதான்.

இனி நமது காலத்துக்கு வருவோம். மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை வழியாகக் கோட்டைக்கு இலகு ரயில். ஏறக்குறைய 16 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2019இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடன் முதற்கட்டமாக சுமார் 30 பில்லியன் யென்னுக்குக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வருட வட்டி 0.1 வீதம். திருப்பிச் செலுத்த 40 வருடங்கள், அதில் முதல் 12 வருடங்கள் சலுகைக் காலம்.

இந்தத் திட்டத்தைப் பற்றி இரண்டு பக்கமும் நியாயமான பேச்சு இருந்தது. மொத்தச் செலவு ஒன்றரை பில்லியன் டொலரைத் தாண்டும், ஏற்கனவே கடனில் இருக்கும் நாடு இதைத் தாங்குமா, இதைவிடக் குறைந்த செலவில் பஸ் சேவையையும் களனிவெளி ரயில் பாதையையும் திருத்தலாமே என்று ஒரு பக்கம் கேட்டது. இவ்வளவு குறைந்த வட்டியில் கடன் வேறெங்கும் கிடைக்காது, அந்த வீதியில் தினமும் வீணாகும் எரிபொருளையும் நேரத்தையும் யார் கணக்கில் எழுதுவது என்று மறுபக்கம் கேட்டது. இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் கையெழுத்துப் போடும் முன்.

2020 செப்டெம்பரில் ஜனாதிபதியின் செயலாளர், செலவு அதிகம் என்ற காரணத்தைக் காட்டி, திட்டத்தை நிறுத்துமாறு கடிதம் மூலம் அறிவித்தார். அதன் பிறகு ஆலோசனைப் பணிகளைச் செய்த ஜப்பானிய நிறுவனம் கேட்ட நட்டஈடு 5 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அதாவது 500 கோடிக்கும் மேல். ஒரு மீட்டர் கூட ஓடாத ரயிலுக்கு வந்த பில் அது. 2023 மே மாதம் அடுத்து வந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க டோக்கியோவுக்குப் போய் ஜப்பானியப் பிரதமரிடம் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

பணத்தை மிச்சப்படுத்தவே நிறுத்தினோம் என்றார்கள். அப்படியானால் நிறுத்துவதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கையும் அன்றே மக்கள் முன் வைத்திருக்க வேண்டும் அல்லவா? கட்டுவதற்கு ஒரு விலை இருப்பது போல நிறுத்துவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

"நாம் வருமான வரி கட்டுவதில்லையே, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கிறோம். இந்த நாட்டில் அரசுக்கு வரும் வரியில் பெரும்பகுதி மறைமுக வரி. சவர்க்காரம் வாங்கினாலும், போனுக்கு ரீலோட் போட்டாலும் நாம் கட்டுகிறோம். 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்ட வட் வரி, 2022இல் முதலில் 12, பிறகு 15 வீதமாகி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. இலகு ரயிலால்தான் வரி ஏறியது என்று நாம் சொல்லவில்லை. பொருளாதார நெருக்கடிக்குக் காரணங்கள் பல. ஆனால் அரசின் எந்த நட்டத்தையும் நிரப்பும் பணம் கடைசியில் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

சிலர் இரண்டு தடவை கட்டினார்கள். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டு வரப்பட்டது. கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளை அகற்றி, மக்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றி, விடுபடும் காணியை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்து, வரும் பணத்தில் செலவை ஈடுகட்டுவது திட்டம். திட்டம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், பொதுமக்களுக்குச் சுமையில்லை என்பது அதன் பின்னிருந்த வாதம்.

ஆனால் குடியேற்றப்பட்ட பல குடும்பங்களிடம் முற்பணத்துக்கு மேலாக மாதம் 3,960 ரூபா வீதம் 20 வருடங்களுக்குக் கேட்கப்பட்டது. பிள்ளைகளிடம் கொடுத்தால் உடனே பெருக்கிச் சொல்வார்கள்: 240 மாதங்களுக்கு 9 இலட்சத்து 50 ஆயிரத்து 400 ரூபா. அவர்களில் சொந்த வீட்டில், உறுதிப் பத்திரத்தோடு, தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். கொம்பனித்தெருவில் மலாய், முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த இடங்களில் இன்று உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. பழைய வீட்டை விட வசதியான வீடு கிடைத்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் "சுமையில்லை" என்று சொல்லப்பட்ட திட்டத்தின் சுமை அரசாங்கத்தின் கணக்கிலிருந்து அந்தக் குடும்பங்களின் சமையலறைக் கணக்குக்கு மாறியது என்பதையும் மறுக்க முடியாது.

ஆக, ஒரு திட்டம் வந்தால் "எவ்வளவு முடியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாம் ஓய்ந்துவிடக் கூடாது. இடையில் நின்றால் எவ்வளவு? கடன் எந்த நாணயத்தில், எத்தனை வருடங்களுக்கு? வீடு இழப்பவரிடம் காசு கேட்கப்படுமா? நட்டம் வந்தால் யாருடைய தலையில்? இந்த நான்கையும் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவை வாசித்துப் பாருங்கள். வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டும் திட்டமானாலும், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவைத் தாண்டும் திட்டமானாலும், ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அதன் விபரங்களைப் பொதுமக்களுக்கும், பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அறிவிப்பது சம்பந்தப்பட்ட அமைச்சரின் கடமை. அறிவிக்கவில்லையென்றால் நாமே தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும்.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்களிலும், பழைய மாணவர் சங்கங்களிலும், மகளிர் சங்கங்களிலும் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரில் வீதி அகலிப்பு, சந்தைக் கட்டடம், பஸ் நிலையம் என்று அடுத்த பெயர்ப்பலகை நடப்படும்போது, ஒருவர் அந்த விண்ணப்பத்தை எழுதட்டும். மற்றவர்கள் கையெழுத்துப் போடுவோம். எழுதத் தெரியவில்லையென்றால் கேளுங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.