உறக்கமும் கவனமும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்திற்குச் செல்வோர், ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிற்பத்தைத் தவறாது காண்பர். தலை ஒன்று; உடல் இரண்டு. ஒருபுறத்து உடலைக் கையால் மறைத்தால் யானை தோன்றும்; மறுபுறத்தை மறைத்தால் காளை தோன்றும். கல் மாறுவதில்லை, மாறுவது நம் கவனமே.

அக்கவனம் உறக்கமின்றி நிலைக்குமா? விடையை நான் கல்லூரி நாளிலேயே பட்டறிந்தேன். வரலாற்றுத் தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் கண்விழித்துப் படித்தேன். மறுநாள், இரண்டாம் இராசராசன் எடுப்பித்த கோயிலை விளக்குமாறு வினா வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். வெளியே வந்து வினாத்தாளை மீண்டும் நோக்கியபோதுதான் 'இரண்டாம்' என்னும் சொல் கண்ணிற் பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தாராசுரத்தை எழுத வேண்டியவன், 1010-இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலை எழுதிவிட்டிருந்தேன்!

படித்தது மறக்கவில்லை, கண்ணெதிரே நின்ற ஒரு சொல் புலனாகவில்லை. இந்நிலையை அறிவியலார் ஆராய்ந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக், கில்பர்ட் என்னும் இருவர், மூவரை 90 மணி நேரம் உறங்கவிடாது சோதித்து, 1896-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நினைவாற்றல் தளர்ந்தது, ஒருவருக்கு இல்லாத உருவங்களும் தோன்றின. 1959-இல் வில்லியம்சு, லூபின், குட்னோ ஆகியோர் மற்றோர் உண்மையை விளக்கினர். உறக்கம் இழந்தவன் எந்நேரமும் ஒரே சீராக மந்தமடைவதில்லை. இடையிடையே சில நொடிகள் அவன் கவனம் அறுந்துபோகிறது. 'இரண்டாம்' என்னும் சொல் அத்தகைய ஒரு நொடியில்தான் எனக்குத் தப்பியிருக்க வேண்டும்.

காரணம் பின்னரே துலங்கிற்று. மூளையின் பகுதிகள் தனித்து உழைப்பன அல்ல. தாராசுரத்துப் பட்டுத் தறியில் பாவும் ஊடையும் போல இணைந்து உழைப்பவை. புற உலகை நோக்கும் பிணைப்பு ஒன்று. அகத்தே அலையும் எண்ணங்களுக்குரிய பிணைப்பு மற்றொன்று. நன்கு உறங்கியவனிடம் ஒன்று ஓங்கும்போது மற்றொன்று ஒடுங்கும். உறக்கம் இழந்தவனிடமோ இவ்வரம்பு மங்கிவிடுகிறது. காந்தப் படக்கருவியின் துணையால் இதனைக் கண்டோருள் சிங்கப்பூர் ஆய்வாளரும் அடங்குவர். அவர்தம் முடிவு 2012-இல் வெளிவந்தது. காளையை மறைத்து யானையைக் காட்டும் கை தளர்ந்துவிடுகிறது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கண் திறந்திருத்தல் வேறு, காணுதல் வேறு. தேர்வுக்கு முன்னிரவில் இன்னும் ஓர் அத்தியாயம் படிக்கலாமே என்று மனம் தூண்டும்போது, நூலை மூடிவிட்டு உறங்குங்கள். அவ்வுறக்கமும் படிப்பின் ஒரு பகுதியே.