சுண்ணாம்புக் கல்லும் ஒரு வீட்டுக் கணக்கும்

நூறு கிராம் தூய சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டு முற்றச் சுட்டால் எஞ்சும் சுண்ணாம்பின் எடை யாது? இரசாயனம் கற்கத் தொடங்கும் மாணவர்க்கு இத்தகைய கணக்கொன்று வீட்டுப் பாடமாக வருவதுண்டு. அரியலூர் மாணவனுக்கு அக்கல் புதியதன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரவியிருந்த அவ்வட்டாரத்தில் சிப்பியும் நத்தையும் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. சுண்ணாம்புக் கல்லை நம்பியே அங்குச் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. ஆயினும் அதே கல் ஏட்டில் ‘கால்சியம் கார்பனேட்’ என்ற பெயர் பூண்டு நிற்கும்போது அவன் திகைக்கின்றான். கேட்டுத் தெளிய வீட்டில் படித்தவர் இல்லையெனில் அத்திகைப்பு அச்சமாகி விடுகிறது.

கணக்கு எளியதே. கால்சியத்துக்கு 40, கரிக்கு 12, மூன்று ஆக்சிஜன் அணுக்களுக்கு 48, ஆக 100. சூட்டில் பிரிந்து போகும் கரியமில வாயு 44. எஞ்சுவது 56 கிராம். இதனை அருகிருந்து சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொல்லும் மொழி கேட்பவனுக்கு விளங்கவும் வேண்டும். இவ்விரண்டையும் தமிழ் மாணவர்க்கு அளிக்க முயன்றோரின் வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

அதன் முன்வரிசையில் நிற்பவர் ஓர் அமெரிக்கர் என்பது வியப்பளிக்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822-இல் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமும் போதனையும் ஒருங்கே நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் தேறிய வைத்தியர் பலர் நல்ல ஊதியம் நாடி அரசாங்க வேலைக்குச் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே நின்றான். எனவே 1860-களில் அவர் தமிழிற் கற்பிக்க முனைந்தார். அங்கம், இரணம், பிரசவம் முதலிய துறைகளில் மேனாட்டு நூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின. மருந்தின் குணமறிய இரசாயனமும் வேண்டுமன்றோ? அவர் 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் பணி ஓயவில்லை. 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. தமிழ்ச் சொல் கிடைக்குமாயின் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கேற்ப மாற்றியும் வழங்குவது அவர் முறை. நூலின் பெயரே மூன்றாம் வகையைச் சேர்ந்தது! பெயரைப் பார்த்து நகைப்பவர், தமிழ் மாணவனுக்குப் பாடம் விளங்கவேண்டும் என்ற அவ்வாசிரியரின் பிடிவாதத்தையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

எனினும் ஒரு கேள்வி அன்றே எழுந்தது. விளங்கும் மொழி தமிழ்; பிழைப்புக்கு உதவும் மொழி ஆங்கிலம். ஆங்கிலத்தை விரும்பிய மாணவர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வறிய வீட்டுப் பிள்ளை படிப்பது வேலைக்காகவுந்தான்.

சேலத்தில் 1916-இல், வழக்கறிஞராயிருந்த இராஜாஜி, வேங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் நிறுவினார். பின்னாளில் அவர் எழுதிய இரசாயன நூலுக்குச் சூட்டிய பெயர் ‘திண்ணை ரசாயனம்’. ஆய்வுக்கூடத்தைத் திண்ணைக்கே கொணர்ந்துவிட்ட பெயர் அது. அதன்பின் சொற்கள் பெருகின. பௌதிகம் இயற்பியலாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று. பிழைப்பு பற்றிய கேள்விக்கோ, தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 2010-இல்தான் வந்தது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகமும் கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரு பொறியியற் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது.

மொழி கிட்டினும் அருகிருந்து சொல்பவர் வேண்டுமே! பாட்னா நகரில் ஆனந்த் குமார் என்னும் கணித ஆசிரியர், 2002-இல் ஏழை மாணவர் முப்பதின்மரைத் தேர்ந்து, உணவும் உறையுளும் அளித்து, பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றத் தொடங்கினார். அந்தச் ‘சூப்பர் 30’ என்னும் பெயரையே ஏற்று, 2013-இல் பெரம்பலூர் மாவட்ட நிர்வாகமும் அரசுப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்குக் கட்டணமில்லாத் தனிப் பயிற்சி வகுப்புகளை ஏற்படுத்தியது. விடுதியில் தங்கி அங்குப் பயின்ற பிள்ளைகள், விளங்காத கணக்கை அன்றே கேட்டு அன்றே தெளிய முடிந்தது.