தன்வசம் இல்லாத நா

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாமிநாதர் சபைத் துறவி ஹென்றி கிராமர் எழுதிய ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’, எத்தனையோ அப்பாவிப் பெண்கள் தீக்கிரையாகத் துணைநின்ற நூல். அதில், பொகீமியாவிலிருந்து தந்தையால் உரோமைக்கு அழைத்து வரப்பட்ட குரு ஒருவரைக் காண்கிறோம். மற்ற வேளைகளில் அவர் தெளிந்த அறிவினர். ஆலயத்தைக் கடக்கையில் அன்னை மரியாவை வணங்க முழந்தாளிட்டாலோ, நாக்கு தானே வெளியே நீண்டுவிடும். தம் உறுப்புகள் தம் வசத்தில் இல்லை என்று அவர் முறையிட்டார். ஆயர் ஒருவர் இரங்கி, நாற்பது நாள் அப்பமும் தண்ணீரும் மட்டுமே உண்டு, செபித்துப் பேயோட்டினார்; குருவும் நலமடைந்தார் என்கிறது நூல். அவருக்கு இருந்தது டூரெட் நோயாகலாம் என மருத்துவ வரலாற்றறிஞர் சிலர் கருதுவர். இத்தனை நூற்றாண்டுக்குப் பின் நோயை உறுதிசெய்தல் அரிது. ஆயினும் அவரது முறையீட்டை நாம் மறத்தலாகாது.

1825-இல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார்ட், உயர்குடிப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதினார். ஏழு வயதில் தொடங்கிய உடல் வெட்டல்களோடு, பேச்சினிடையே இழிசொற்களும் அவரை மீறி வெளிப்பட்டன. அவர் வாழ்வு தனிமையில் கழிந்தது. 1885-இல் பாரிசில் ஜில் தெ லா டூரெட், அவரையும் சேர்த்து ஒன்பது பேரின் நிலையை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அதன்பின்னும் அடக்கிவைத்த மன இச்சைகளே காரணம் என்று பலர் சாதித்தனர். பேயின் இடத்தில் மனக்குற்றம் வந்து அமர்ந்தது, அவ்வளவே! 1960-களில் ஹாலோபெரிடால் மருந்து பலருக்குப் பயன்தந்த பின்னரே அக்கொள்கை தளர்ந்தது.

மருந்துக்கும் அடங்காதவர்கள் இருந்தனர். 1970-இல் ஹாஸ்லர், டீக்மன் எனும் ஜெர்மானிய மருத்துவர்கள், மூளையின் நடுவிலுள்ள தலாமஸில் சிறு பகுதியை அழித்துச் செய்த சிகிச்சையை வெளியிட்டனர். அழித்ததை மீட்க இயலாது. ஆனால் 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனபித், அழிக்காமல் மின்சாரத்தைத் தொடர்ந்து செலுத்தியே நடுக்கத்தை அடக்கலாம் எனக் கண்டார். மருத்துவர்கள் சிலர் ஹாஸ்லர் காட்டிய இடத்தில் அம்முறையைக் கையாண்டு, 1999-இல் டூரெட் நோயாளி ஒருவரின் நலத்தை ‘லான்செட்’ இதழில் அறிவித்தனர்.

மெல்லிய மின்முனைகள் மூளையில் நிற்க, மார்புத் தோலின் கீழ் வைத்த சிறு கருவி அவற்றுக்கு மின்சாரம் தருகிறது. குருதிக்கசிவு, கிருமித்தொற்று ஆகிய இடர்கள் உண்டு. பிற வழிகள் பயன்தராத மிகக் கடுமையானோருக்கே இதனை ஆய்ந்து தருகின்றனர். சிறுவர் பலருக்கு வளர வளர நோய் தானே தணிவதும் உண்டு. வேண்டாதபோது கருவியை நிறுத்தலாம். மின்னளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை, ஒவ்வொரு சந்திப்பிலும் நோயாளி சொல்வதைக் கேட்டே மருத்துவர் முடிவு செய்கிறார்.