தில்லைஸ்தானம்

திருவையாற்றிலிருந்து கல்லணைக்குப் போகும் சாலையில், மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், காவிரியின் வடகரையில் அமைந்த சிற்றூர் தில்லைஸ்தானம். தேவாரத்தில் இதற்குத் திருநெய்த்தானம் என்று பெயர். தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் ஓட, அவற்றுக்கிடையே தீவுபோல நீண்டு கிடக்கும் வளமான நிலத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், அதிலிருந்து பாசன நீர் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதியை எதிர்பார்த்துக் குறுவைக்கு நாற்றங்கால் தயாரிப்பது டெல்டா மிராசுதாருக்கும் குத்தகைதாரருக்கும் பொதுவான வழக்கமாயிற்று. தஞ்சை ஜில்லாவின் குத்தகைதாரருக்கும் பண்ணையாட்களுக்கும் சட்டப் பாதுகாப்பு 1952-இல்தான் வாய்த்தது.

ஊரின் பிரதான ஆலயம் நெய்யாடியப்பர் கோயில். பசு ஒன்று நாள்தோறும் சொரிந்த பால் நெய்யாகி உறைந்த இடத்தில் சுயம்புலிங்கம் வெளிப்பட்டதாக ஸ்தல புராணம் கூறும். நெய்யபிஷேகம் இங்கே விசேஷம். சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலம் ஸப்த ஸ்தானங்கள் எனும் ஏழு சிவத்தலங்களில் ஏழாவது. சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கேறி ஏழூர் வலம் வரும்போது, திருப்பழனம் முதலாக ஒவ்வோர் ஊர்ப் பல்லக்கும் உடன் சேர்ந்து வர, கடைசியாக அவரை எதிர்கொள்ளும் பேறு இவ்வூருக்கே உரியது.

கோயிற் கல்வெட்டுக்களுள் ஒன்று சரித்திர ஆராய்ச்சியாளர்களிடையே பிரசித்தமானது. விக்கியண்ணன் என்னும் தலைவனின் மனைவி கடம்பமாதேவி அளித்த தானத்தைக் குறிக்க எழுந்த அச்சாசனம், அவ்விக்கியண்ணனுக்கு ஆதித்த சோழன் என்று கருதப்படும் ராஜகேசரியும் சேரமன்னன் தாணுரவியும் சேர்ந்து ஆசனம், சாமரம், பல்லக்கு முதலிய சிறப்புக்களையும் செம்பியன் தமிழவேள் என்ற பட்டத்தையும் வழங்கியதைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் சோழ-சேர நட்புக்கு இத்தகைய சான்று கிடைத்தது, ஒரு பெண்மணியின் தர்ம சிந்தையால் என்பது நினைக்கத்தக்கது.

ஆயினும் இவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் பரவியதற்குக் காரணம் ஸங்கீதமே. 1847-இல் ஸித்தியடைந்த தியாகராஜ ஸ்வாமிகளின் கீர்த்தனங்கள் உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் ஆகிய மூன்று சிஷ்ய பரம்பரைகளின் வழியாகவே பெரும்பாலும் நமக்குக் கிட்டின. அவற்றுள் தில்லைஸ்தானப் பரம்பரை ஸ்வாமிகளின் நேர்ச் சீடராகிய ராமய்யங்காரிடமிருந்து தொடங்குவது. அவரிடம் பயின்ற சகோதரர்களுள் மூத்தவரான நரசிம்ம பாகவதர் 1908-இல் கீர்த்தனங்களைத் தொகுத்து அச்சிட்டார்; வாய்மொழியாக மட்டும் வழங்கியிருந்தால் சிதைந்துபோயிருக்கக்கூடிய பாடங்கள் பல இதனால் நிலைத்தன என்பதில் ஐயமில்லை. ஸ்வாமிகளுக்குத் திருவையாற்றில் நடக்கும் ஆராதனை உற்சவத்தை வளர்த்தவர்களும் இச்சகோதரர்களே. அதைப் பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டாகப் பிளந்து, தமையன் ஒன்றுக்கும் தம்பி பஞ்சு பாகவதர் மற்றொன்றுக்கும் முன்னின்றதும் உண்டு. பெண்கள் பாடுவதற்கு இரு கட்சியும் இடந்தராதபோது, ஸ்வாமிகளின் ஸமாதிக்கு ஆலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் தனியே உற்சவம் நடத்தினார். 1940-இல் எல்லாம் ஒன்றாயின.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வந்து, கல்லணை செல்லும் பேருந்தில் இவ்வூரை அடையலாம். ஆராதனைக்குத் தை மாதத்தையொட்டித் திருவையாற்றில் திரளும் ரஸிகர்களுள் இவ்வளவு அருகிலுள்ள தில்லைஸ்தானத்துக்கு வருவோர் மிகச் சிலரே; ஏழூர் விழாக் காலத்திலோ ஊர் கொள்ளாத கூட்டம்.