நாய்க்கு உரியவர் யார்? 1832 பம்பாய் நாய்க் கலகமும் இன்றைய மைக்ரோசிப்பும்

1832 ஜூன் 6ஆம் நாள், பம்பாயில் நாய்களைக் கொல்லும் பணியில் ஈடுபட்டிருந்த இரண்டு ஐரோப்பியக் காவலர்களை ஏறத்தாழ 200 பார்சிகள் திரண்டு தாக்கினர். அது பார்சிகளின் புனித நாள்களுள் ஒன்று. மறுநாள் கோட்டைப் பகுதியில் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக்களும் சமணரும் இஸ்மாயிலி முஸ்லிம்களும் பார்சிகளோடு சேர்ந்துகொண்டனர். கொலாபாவில் தங்கியிருந்த படையினருக்குச் செல்லவேண்டிய உணவுப் பொருள்கள் தடைப்பட்டன. அரசு கலகச் சட்டத்தை வாசித்துப் படையை இறக்கியது, பலர் கைதாயினர். பம்பாய் வரலாற்றில் இது 'நாய்க் கலகம்' எனப் பெயர் பெற்றது. ஜெஸ்ஸி பால்செட்டியா 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பின் வரலாற்றாய்வாளரிடையே இந்நிகழ்வு பரவலாக அறியப்பட்டது.

இக்கலகத்தைச் சமய உணர்வின் வெடிப்பாக மட்டும் காண்பது வழக்கம். அதற்கு ஆதாரம் உண்டு. சொராஸ்திரிய சமயத்தில் நாய் தூய்மையோடு தொடர்புடைய உயிர். இறந்தவர் உடலை நாயின் பார்வைக்குக் காட்டும் 'சக்தீத்' என்னும் சடங்கு அவர்களிடையே உண்டு. வெந்திதாத் என்னும் சமயச் சட்ட நூலின் 13ஆம் பகுதி, நாய்க்குத் தீங்கிழைப்போருக்கான தண்டனைகளை வகுக்கிறது. ஆனால் சமயம் மட்டுமே காரணம் என்றால் ஒரு கேள்வி எஞ்சும். வெப்பம் மிகுந்த காலங்களில் தெருநாய்களைக் கொல்ல அனுமதிக்கும் விதி 1813 முதலே பம்பாயில் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் இவ்வளவு பெரிய எதிர்ப்பு எழாமல் 1832இல் எழுந்தது ஏன்?

விடை அந்த ஆண்டின் நடைமுறையில் இருக்கிறது. பழைய விதியின்படி ஏப்ரல் 15 முதல் மே 15 வரையிலும், செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையிலுமே கொல்ல இயலும். 1832இல் காவல்துறை நடுவர் அக்காலத்தை ஜூன் 15 வரை நீட்டித்தார். கொல்லப்படும் ஒவ்வொரு நாய்க்கும் எட்டணா வெகுமதி. தலைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், பிடிப்பவர் எந்த நாயைத் தேடுவார்? வெறிபிடித்த நாயை நெருங்குவது உயிருக்கு ஆபத்து. தெருவில் திரியும் நாய் ஆளைக் கண்டதும் ஓடும். ஓடாமல் நிற்பதும், அழைத்தால் வருவதும், திண்ணையில் படுத்திருப்பதும் வளர்ப்பு நாய்தான். நாய் பிடிப்போர் வீடுகளுக்குள்ளும் தனியார் இடங்களுக்குள்ளும் புகுந்து நாய்களை இழுத்துச் சென்றனர் என்பது அன்றைய முதன்மையான முறையீடு. வெறிநோயைத் தடுக்க எழுந்த திட்டம், வெறிநோய்க்கு வாய்ப்புக் குறைந்த நாயையே முதலில் கொல்லும் திட்டமாக மாறியது.

இதன் அடியில் ஒரு கருத்து வேறுபாடும் இருந்தது. ஆட்சியாளர் பார்வையில் நாய் இரண்டே வகை: உடைமையாளர் உள்ள நாய், உடைமையாளர் இல்லாத நாய். பம்பாய் மக்களின் வாழ்க்கையில் மூன்றாவது வகை ஒன்று இருந்தது. ஒரு வீட்டுக்கும் உரியதன்று. ஆயினும் ஒரு தெருவே சோறிட்டு வளர்ப்பது. வெந்திதாத்தின் 15ஆம் பகுதி இதற்கு ஒரு சட்ட வடிவமே தருகிறது. ஈனும் நிலையில் உள்ள பெண்நாய் ஓரிடத்தில் கிடந்தால், அதைப் பேணும் கடமை யாருடையது என்று கேட்டு, எவர் வீடு மிக அருகில் உள்ளதோ அவருடையது என்று விடை கூறுகிறது. பொறுப்பு இங்கே உடைமையிலிருந்து பிறக்கவில்லை, அண்மையிலிருந்து பிறக்கிறது. தமிழிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரே' என்ற சொல் வழிதவறியதைக் குறிக்கும். 'தெருநாய்' என்ற தமிழ்ச் சொல்லோ அது தெருவுக்கு உரியது என்கிறது.

எனினும் இம்மூன்றாம் வகைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அதற்குச் சான்று இல்லை. எட்டணாவுக்காக வந்தவன் முன்னால் 'இது எங்கள் தெரு நாய்' என்று சொல்லலாம், மெய்ப்பிக்க முடியாது. வீட்டு நாய்க்கும் அன்று அதே நிலைதான். பெயரோடு சேர்ந்த அடையாளம் இல்லாத இடத்தில் உயிரின் மதிப்பைப் பிடிப்பவனே முடிவு செய்தான்.

கலகம் அடங்கிய பின் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் முதலிய சமூகத் தலைவர்கள் அரசுக்கும் மக்களுக்கும் இடையே நின்று பேசினர். நாய்களைக் கொல்வதற்கு மாறாக நகருக்கு வெளியே கொண்டுபோய் விடலாம் என்ற இணக்கம் ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1834இல், ஜீஜீபாய் சமண வணிகர்களோடு சேர்ந்து புலேஷ்வர் பகுதியில் பாஞ்சரபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினார். இன்று பசுக்களுக்காக அறியப்படும் அவ்விடத்தின் தொடக்க நோக்கங்களுள் தெருநாய்களைக் காப்பதும் ஒன்று. லண்டனில் மேரி டீல்பி, காணாமற்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கென ஒரு தற்காலிக இல்லத்தைத் தொடங்கியது 1860இல்தான். பின்னர் பேட்டர்சிக்கு இடம்பெயர்ந்து புகழ்பெற்ற அவ்வில்லத்துக்கும் பாஞ்சரபோலுக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. லண்டன் இல்லம் நாயை உரியவரிடம் திருப்பித் தர அல்லது புதியவரிடம் ஒப்படைக்க முயன்றது. பாஞ்சரபோல் உயிரைக் காத்தது. உரியவரைத் தேடுவது அதன் வேலையன்று.

பம்பாய் நகரம் இவ்விரு மரபுகளையும் முழுமையாக இணைக்கவில்லை. 1874இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1883இல் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை எழுந்தது. ஆயினும் நகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்வது 1990கள் வரை தொடர்ந்தது. சென்னை மாநகராட்சி, புளூ கிராஸ் அமைப்பு நெடுங்காலமாக வற்புறுத்திவந்த கருத்தடைத் திட்டத்தை 1996இல் ஏற்றது. 2001இல் நாடு முழுமைக்குமான விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அறுவை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு இடுவது வழக்கமாயிற்று. அந்த வெட்டு 'இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது' என்று மட்டும் சொல்லும். யார் பொறுப்பு என்று சொல்லாது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது மைக்ரோசிப். அரிசி மணியளவே ஆன இச்சில்லு, நாயின் தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படுகிறது. அதில் மின்கலம் இல்லை. நாய் எங்கிருக்கிறது என்று அது காட்டாது. வருடுகருவியை அருகில் கொண்டுசென்றால் 15 இலக்க எண் ஒன்றைத் தரும், அவ்வளவுதான். எண்ணுக்குப் பொருள் தருவது பதிவேடு. உரியவர் வீடு மாறி, தொலைபேசி எண் மாறி, பதிவேடு மாறாமல் இருந்தால் சில்லு ஊமையாகிவிடும். இங்கிலாந்து 2016 ஏப்ரல் 6 முதல் எல்லா நாய்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. சென்னை மாநகராட்சி 2025இன் இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் பெறாதோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. மும்பையில் 2023 ஜூலையில் விமான நிலையத்துக்கு வெளியே வாழும் 20 தெருநாய்களுக்குக் கியூஆர் குறியீட்டு அட்டைகள் கழுத்தில் கட்டப்பட்டன. அட்டையை எவரும் கைபேசியால் படிக்கலாம். நாயின் தடுப்பூசி விவரத்தோடு அதைப் பேணுபவரின் தொடர்பும் கிடைக்கும். உடைமையாளர் இல்லாத நாய்க்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பதிவில் காட்டலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சில்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதும் கருதத்தக்கது. தொலைந்த நாயை அது வீடு சேர்க்கும். கைவிட்டவர் யார் என்றும் அது காட்டும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்குத் தண்டம் 10 முதல் 50 ரூபாய். 2023ஆம் ஆண்டின் புதிய விதிகளோ, கைவிடப்பட்ட உயர்சாதி இன நாய்களையும் தெரு விலங்குகளின் வகைக்குள்ளேயே சேர்க்கின்றன. விலை கொடுத்து வாங்கியவர் தெருவில் இறக்கிவிட்ட அந்நாளே அவரது பொறுப்பு தெருவின் பொறுப்பாகிவிடுகிறது. 50 ரூபாய்த் தண்டம் அதைத் தடுக்காது. பெயர் தெரிந்தாலாவது ஒருவர் தயங்கக்கூடும்.

மும்பைத் தமிழர் வாழும் மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டால் இக்கேள்வி எவ்வளவு அண்மையது என்பது விளங்கும். மாட்டுங்காவை ஒட்டித்தான் தாதர் பார்சி குடியிருப்பு இருக்கிறது. செம்பூரின் அடுக்ககங்களில், 2023 விதிகளின்படி, தெருநாய்க்கு உணவிடும் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவது குடியிருப்போர் சங்கத்தின் கடமை. அங்கே சங்கம் என்ற ஒரு பெயர், ஒரு முகவரி உண்டு. தாராவியில் நாய் சந்துக்கு உரியது. சந்துக்குப் பதிவு எண் இல்லை. மறுசீரமைப்புத் திட்டத்தில் சந்துகள் மறைந்து அடுக்குமாடிகள் எழும்போது, மக்களில் ஒரு பகுதியினர் அங்கேயும் மற்றவர் வேறிடங்களிலும் குடியமர்த்தப்படுவர். குடும்பங்களை எண்ணுவதற்குக் கணக்கெடுப்பு உண்டு. சோறிட்டவர் திசைக்கொருவராகப் பிரிந்தபின், சந்தின் நாய் ஒரே நாளில் எவருக்கும் உரியதல்லாத நாயாகிவிடும்.

2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22இல் அதைத் திருத்தியது. வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, ஏனைய நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து எடுத்த இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7இல் பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலியவற்றிலிருந்து பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. நாய்க்கடியால் குழந்தைகள் இறக்கும் நாட்டில் இவ்வாணைகளின் பின்னுள்ள அச்சம் பொய்யன்று. 1832இல் வெறிநோய் குறித்து அரசு கொண்டிருந்த அச்சமும் பொய்யன்று. தவறியது வழிமுறை. எத்தனை நாய்கள் அகற்றப்பட்டன என்று எண்ணிய அரசு, ஒவ்வொரு நாய்க்கும் யார் பொறுப்பு என்று கேட்கவில்லை. தாராவியின் மறுகுடியமர்வுப் பட்டியல்களில் சந்து நாய்களுக்கும், அவற்றைப் பேணுவோர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கினால் அக்கேள்வி முதன்முறையாகக் கேட்கப்பட்டதாகும்.